வண்ணக் கண்ணாடி வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு: முதல் கீறலிலிருந்து மூன்றாவது வேலை வரை

வண்ணக் கண்ணாடி வகுப்பில் சேருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். தோகை விரித்த மயில், பூக்கொத்து பதித்த விளக்குக் கூண்டு, மாடிப்படி ஜன்னலுக்கு ஒரு பெரிய பலகம். முதல் நாள் அவர்கள் கையில் கொடுக்கப்படுவதோ சாதாரண ஜன்னல் கண்ணாடியும் ஒரு கட்டரும்தான். சில வகுப்புகள் கழிந்த பிறகும் வீட்டில் எடுத்துக்காட்ட ஒன்றும் இல்லையே என்ற குறை முளைத்துவிடுகிறது. பக்கத்து மேசைக்காரர் பற்றவைக்கும் கருவியான சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்துவிட்டால் அந்தக் குறை அவசரமாக மாறுகிறது. இந்தக் கலையில் நல்ல கைகளையும் கெடுப்பது அந்த அவசரம்தான்.

வகுப்பு எடுத்துவரும் அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். ஒருவர் எவ்வளவு முன்னேறியிருக்கிறார் என்பதை அறிய, அவர் முடித்து மாட்டிய பொருளை நான் பார்ப்பதில்லை. வெட்டிய துண்டுகளைச் செப்பு நாடா சுற்றுவதற்கு முன் வரைபடத்தின் மேல் அடுக்கி வைப்பாரே, அதைத்தான் பார்க்கிறேன். துண்டுகள் அங்கே நெருடாமல் உட்கார்ந்தால் மீதி வேலை தானாக நடக்கும். அங்கே இடைவெளி விட்டால், அதற்குப் பிறகு எத்தனை சால்டர் (துண்டுகளை இணைக்க உருக்கி விடும் உலோகக் கலவை) ஊற்றினாலும் அந்தக் குறை மறையாது. எந்த வேலையை எந்த வரிசையில் செய்வது, எந்த இடத்தில் நின்று நிதானிப்பது என்பதை அதற்கேற்பக் கீழே சொல்கிறேன்.

முதலில் முறை பற்றி

கண்ணாடித் துண்டுகளை இணைக்க இரண்டு முறைகள் உண்டு. இடைக்காலத் தேவாலய ஜன்னல்களில் காண்பது காரீயப் பட்டை முறை. ஆங்கில எழுத்து எச் போன்ற குறுக்குவெட்டு கொண்ட காரீயப் பட்டையின் பள்ளங்களுக்குள் இரு பக்கமும் கண்ணாடியைச் செருகி, பட்டைகள் சந்திக்கும் இடங்களை மட்டும் பற்றவைப்பார்கள். இன்னொன்று செப்பு நாடா முறை. ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் மெல்லிய செப்பு நாடாவை ஒட்டி, துண்டுகளுக்கு இடையிலான கோடு முழுவதையும் சால்டரால் இணைப்பது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனியின் பட்டறையில் உருவான விளக்குக் கூண்டுகளால் இந்த முறை உலகெங்கும் பரவியது. சிறிய துண்டுகளும் நுணுக்கமான வளைவுகளும் இதில் சாத்தியம் என்பதால் பெரும்பாலான வகுப்புகள் இதிலிருந்தே தொடங்குகின்றன. நானும் இதையே தொடக்கமாக எடுத்துக்கொள்கிறேன்.

உடம்பைக் காத்துக்கொள்வது

மூடிய காலணி, பாதுகாப்புக் கண்ணாடி, கட்டிய தலைமுடி: இவை இல்லாமல் மேசைக்கு வராதீர்கள். மேசையில் சிதறிய சில்லுகளைக் கையால் துடைக்கக் கூடாது. அதற்கென்று ஒரு தூரிகை இருக்கும்.

சால்டரில் காரீயம் இருக்கிறது. பற்றவைக்கும்போது கண்ணில் படுவது பெரும்பாலும் ஃப்ளக்ஸின், அதாவது சால்டர் நன்றாக ஒட்டுவதற்காகத் தடவும் பொருளின் புகை. அதற்குக் காற்றோட்டமோ புகை உறிஞ்சும் விசிறியோ வேண்டும். காரீயத்தின் ஆபத்து அதிகமும் கை வழியாக வருகிறது. சால்டரைத் தொட்ட விரலால் பிஸ்கெட்டை எடுத்தால் அது நேரே வயிற்றுக்குப் போகிறது. எனவே வேலை மேசையில் உணவும் வேண்டாம், தண்ணீர்க் குவளையும் வேண்டாம். இடைவேளையில் சோப்புப் போட்டுக் கைகழுவிய பிறகே எதையும் சாப்பிடுங்கள். வேலை செய்த உடையைத் தனியாகத் துவையுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் சேருவதற்கு முன்பே ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் பேசிவிட வேண்டும். காரீயம் கலக்காத சால்டரும் கிடைக்கிறது. அது உருக அதிக வெப்பம் வேண்டும், ஓட்டமும் வேறு மாதிரி இருக்கும். ஆனாலும் கற்றுக்கொள்ள முடியாதது அல்ல.

கீறுவதும் முறிப்பதும்

கட்டர் என்று பெயர் இருந்தாலும் அது கண்ணாடியை அறுப்பதில்லை. அதன் முனையில் இருக்கும் சிறிய கடினச் சக்கரம் மேற்பரப்பில் ஒரு கீறலை உண்டாக்குகிறது. அந்தக் கீறலுக்குக் கீழே தொடங்கும் நுண்ணிய விரிசலை நாம் வளைத்து, மறுபக்கம் வரை ஓடவிடுகிறோம். இது மனத்தில் பதிந்துவிட்டால் பாதி தவறுகள் தாமாகவே போய்விடும். ஏனென்றால் அழுத்தினால்தான் வெட்டும் என்ற நினைப்பு போய்விடும்.

நின்றுகொண்டு செய்யுங்கள். உட்கார்ந்தால் மணிக்கட்டு மட்டும்தான் வேலை செய்யும். நிற்கும்போது தோளிலிருந்து கை நகரும், கோடு சீராக வரும். கண்ணாடியைத் துடைத்துச் சுத்தமாக வையுங்கள். அழுக்கின் மேல் சக்கரம் ஏறி இறங்கும். கட்டருக்குள் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பிலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் உள்ளே தொடங்கி, எதிர் விளிம்பு வரை நிறுத்தாமல் கொண்டுபோங்கள். பக்கவாட்டில் கட்டர் சாயக் கூடாது.

சரியான அழுத்தத்தைக் காதுதான் சொல்லும். துணி மெல்லக் கிழிவது போன்ற தொடர்ச்சியான ஓசை ஒரே சுருதியில் வர வேண்டும். ஓசை விட்டுவிட்டு வந்தால் அழுத்தம் ஏறி இறங்குகிறது. கோட்டின் ஓரங்களில் வெள்ளைத் தூளும் சிறு செதில்களும் எழும்பினால் அழுத்தம் அதிகம். நல்ல கீறல் கண்ணுக்கு மெல்லிய மயிரிழையாகத்தான் தெரியும். சில வகைப் பால்வண்ணக் கண்ணாடியில் ஓசையே கேட்காது. அங்கே கையின் உணர்வை மட்டும் நம்ப வேண்டும்.

ஒரு கோட்டின் மேல் இரண்டாம் முறை கட்டரை ஓட்டாதீர்கள். முதல் கீறல் விட்டுப்போன இடத்தில் மறுபடி கீறத் தோன்றும். ஆனால் அப்படிச் செய்தால் விரிசல் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் சிதறும், சக்கரமும் மழுங்கும். விட்டுப்போயிருந்தால் அப்படியே முறித்துப் பாருங்கள். பல சமயம் விரிசல் தானே வழி கண்டுகொள்ளும்.

கீறிய உடனே முறிக்க வேண்டும். நேர்கோடு என்றால் இரு கைகளின் கட்டைவிரல்களைக் கீறலின் இருபுறமும் மேலே வைத்து, மடக்கிய விரல்களைக் கீழே கொடுத்து, வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். துண்டு மிகக் குறுகலாக இருந்தால் வளைந்த வாயுள்ள குறட்டைப் பயன்படுத்துங்கள். அதன் நடுக்கோட்டைக் கீறலின் நேரே வைத்து மெல்ல அழுத்தினால் விரிசல் கண்ணெதிரே ஓடுவதைக் காணலாம். வளைவான கோட்டில் இரு முனைகளிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடவிட்டு நடுவில் சந்திக்க வையுங்கள்.

பயிற்சிக்கு இந்த வரிசை எனக்குப் பிடித்தது. முதலில் இரண்டு சென்டிமீட்டர் அகலப் பட்டைகளாக நேர்கோடுகள். அவை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும்படி வந்த பிறகு மெல்லிய அலைக்கோடுகள். பிறகு வட்டம்: முழு வட்டத்தையும் கீறிவிட்டு, அதன் ஓரத்திலிருந்து கண்ணாடியின் விளிம்பு வரை தொடுகோடுகள் போல நான்கைந்து கீறல்கள் போட்டு, சுற்றியிருப்பதை ஒவ்வொரு பகுதியாக எடுக்க வேண்டும். கடைசியாக உட்குழிவு. துண்டுக்குள் குழிந்து போகும் வளைவுதான் எல்லாவற்றிலும் கடினம். வேண்டிய வளைவை முதலில் கீறிவிட்டு, கழிக்க வேண்டிய பகுதிக்குள் படிப்படியாக ஆழம் குறைந்த வளைவுகளைக் கீறுங்கள். விளிம்புக்கு மிக அருகில் இருப்பதை முதலில் எடுத்து, ஒன்றொன்றாக உள்ளே வர வேண்டும். ஒரேயடியாக எடுக்க முயன்றால் துண்டு குறுக்கே பிளக்கும்.

இந்தப் பயிற்சிக்கு வண்ணக் கண்ணாடியை வீணாக்க வேண்டாம். மூன்று மில்லிமீட்டர் ஜன்னல் கண்ணாடியே போதும்.

கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பது

கண்ணாடியை மேசையில் படுக்கவைத்துப் பார்த்து நிறத்தைத் தீர்மானிக்காதீர்கள். ஜன்னலருகே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். மேசையில் கறுப்பாகத் தெரிந்தது வெளிச்சத்தில் ஆழ்ந்த நீலமாக இருக்கும். ஒளி ஊடுருவும் ஒற்றை நிறக் கண்ணாடி ஜன்னலில் மாட்டும் பொருளுக்கு நன்றாக இருக்கும். பால் கலந்தது போன்ற பால்வண்ணக் கண்ணாடி பின்னாலிருக்கும் பல்பை மறைப்பதால் விளக்குக் கூண்டுக்கு ஏற்றது. நிறம் பெரும்பாலும் உலோகங்களிலிருந்து வருகிறது. நீலத்துக்குக் கோபால்ட், ஆரஞ்சுக்கும் பளிச்சென்ற சிவப்புக்கும் செலினியமும் காட்மியமும், ரோஜா வண்ணத்துக்குப் பெரும்பாலும் தங்கம். ரோஜா நிறக் கண்ணாடித் தாள் மற்றவற்றைவிட விலை கூடுதலாக இருப்பது இதனால்தான். முதல் வேலைக்கு அதை விட்டுவிட்டு எளிதில் வெட்டுப்படும் நீலம், பச்சை, வெளிர் மஞ்சள் ஆகியவற்றை எடுங்கள்.

கணக்கிட்ட அளவைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள். துண்டு உடையும், கண்ணாடியில் ஓடும் வண்ண இழையின் போக்குக்கேற்பத் திருப்பி வைக்க வேண்டியிருக்கும். ஒரே பெயரில் வரும் கண்ணாடியும் தாளுக்குத் தாள் சற்று மாறும். பிறகு வாங்கிச் சேர்த்தால் கண்ணில் உறுத்தும்.

இழை வேலைப்பாடு உள்ள கண்ணாடியில் ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் வழவழப்பாகவும் இருக்கும். கீறுவது வழவழப்பான பக்கத்தில். சொரசொரப்பு முன்னால் தெரிய வேண்டுமென்றால் மாதிரித் தாளை (துண்டின் வடிவில் வெட்டிய காகிதத்தை) கவிழ்த்து வைத்து வரைய வேண்டும். இதை மறந்தால் இடது இலை வலது இலையாக வந்து நிற்கும்.

முதல் வேலை: நான்கு முதல் ஆறு துண்டுகள்

ஜன்னலில் தொங்கவிடும் சிறிய ஒளித்தொங்கல் இதற்குச் சரி. ஓர் இலை, ஒரு மீன், நான்கு இதழ்ப் பூ. வடிவம் எளிமையாக இருக்கட்டும். ஆழமான உட்குழிவு, ஊசி முனை போன்ற கூர்மை, எல் வடிவத் துண்டு ஆகியவை வேண்டாம். எல் வடிவத்தின் உள்மூலையில் கண்ணாடி வெட்டும்போதே பிளக்கும். எப்படியோ வெட்டினாலும் சால்டர் சூட்டில் விரிசல் விடும்.

வரைபடத்தை இரண்டு பிரதிகள் எடுங்கள். இரண்டிலும் துண்டுகளுக்கு ஒரே எண்ணை இடுங்கள். இழை ஓட வேண்டிய திசைக்கு அம்புக்குறி போடுங்கள். ஒரு பிரதியை அப்படியே ஒரு பலகையில் ஒட்டிவிட்டு, மற்றதை வெட்டி மாதிரித் தாள்களாக்குங்கள். செப்பு நாடா முறைக்கென்று மூன்று அலகுள்ள கத்தரிக்கோல் உண்டு. அது துண்டுகளுக்கு இடையில் சுமார் 0.8 மில்லிமீட்டர் அகலத் தாளை நறுக்கி எடுத்துவிடும். நாடாவும் சால்டரும் உட்காரும் இடம் அதுதான். அந்தக் கத்தரி இல்லையென்றால் கோட்டின் உள்விளிம்பில் வெட்டுங்கள்.

மார்க்கரால் கண்ணாடியில் வரையும்போது கோட்டுக்கும் ஒரு அகலம் உண்டு என்பதை மறக்காதீர்கள். கட்டர் கோட்டின் உட்பக்கமாக ஓட வேண்டும். கோட்டின் மேலேயே ஓட்டினால் ஒவ்வொரு துண்டும் அரை மில்லிமீட்டர் பெரிதாகிவிடும். ஆறு துண்டுகளில் அது தெரியாது. குறுக்கே பத்துத் துண்டுகள் வரும் பலகத்தில் ஐந்து மில்லிமீட்டர் கூடிவிடும், சட்டத்துக்குள் நுழையாது.

பிறகு, கண்ணாடி விளிம்பைத் தேய்க்கும் கிரைண்டர். வைரத்தூள் பூசிய முனை சுழலும்போது நீர் எப்போதும் அதைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். விளிம்பைச் சீர்செய்யத்தான் கிரைண்டர். தவறாக வெட்டியதைச் செதுக்கிச் சரியாக்க அதை நம்பினால் கட்டர் கை பழகவே பழகாது. ஒரு துண்டை மூன்று நிமிடத்துக்கு மேல் கிரைண்டரில் பிடிக்க வேண்டியிருந்தால் புதிதாக வெட்டிக்கொள்வதே மேல்.

இப்போது துண்டுகளை ஒட்டிய வரைபடத்தின் மேல் அடுக்குங்கள். முதலில் சொன்ன அந்த நேரம் இது. ஒரு மாணவி இந்தக் கட்டத்தில் செய்ததை நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. அவருடைய மீனின் செதிள் துண்டு ஒன்று ஒரு பக்கம் ஒட்டி, மறுபக்கம் இரண்டு மில்லிமீட்டர் விலகி நின்றது. பக்கத்திலிருந்தவர்கள் சால்டர் மூடிவிடும் என்றார்கள். அவர் அந்தத் துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மீதமிருந்த கண்ணாடியில் மறுபடி வரைந்தார், வெட்டினார், மறுபடி வைத்துப் பார்த்தார். அன்றைய வகுப்பு முழுவதும் அந்த ஒரு துண்டுக்கே போனது. அடுத்த வேலையில் அவர் கட்டரைப் பிடித்த விதமே மாறியிருந்தது.

இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குள் எங்கும் ஒரே சீராக இருப்பதுதான் இலக்கு. இறுக்கமாக நெருக்கியடித்து நிற்பதும் நல்லதல்ல, நாடா சுற்றியதும் இடம் போதாமல் மேலெழும்பும்.

நாடா சுற்றுவது

கண்ணாடியைக் கழுவி, எண்ணெயும் அரவைத்தூளும் இல்லாமல் நன்றாக உலர்த்துங்கள். நாடா ஒட்டாமல் உரிவதற்குக் காரணம் பத்தில் ஒன்பது முறை ஈரமோ எண்ணெய்ப் பிசுக்கோதான். மூன்று மில்லிமீட்டர் கண்ணாடிக்கு 5.6 மில்லிமீட்டர் அகல நாடா பொருத்தம். விளிம்பின் நடுவில் வைத்தால் இருபுறமும் 1.3 மில்லிமீட்டர் மடிப்பு வரும். நடுவில் வைக்காமல் ஒருபுறம் சாய்த்துவிட்டால் முடிந்த பொருளில் ஒரு கோடு தடிப்பாகவும் அடுத்தது ஒல்லியாகவும் தெரியும். பழகியவர்களின் வேலையையும் புதியவர்களின் வேலையையும் தூரத்திலிருந்தே பிரித்துக் காட்டுவது இதுதான்.

நாடாவைத் தொடங்கும் இடமும் முடியும் இடமும் இன்னொரு துண்டோடு சேரும் பக்கத்தில் இருக்கட்டும். வெளி ஓரத்தில் இருந்தால் பிரிந்து வரும். ஐந்தாறு மில்லிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று படியுங்கள். மடித்தபின் பிளாஸ்டிக் குச்சியால் மூன்று பக்கமும் அழுந்தத் தேய்த்து ஒட்டுங்கள். ஒளி ஊடுருவும் கண்ணாடியில் நாடாவின் பசைப் பக்கத்து நிறம் உள்ளே தெரியும். பொருளைக் கடைசியில் கறுப்பாக்கப் போகிறீர்கள் என்றால் கறுப்பு அடி, செம்பாக விடுவதென்றால் செப்பு அடி, வெள்ளியாக விடுவதென்றால் வெள்ளி அடி. மீதமுள்ள சுருளைக் காற்றுப் புகாத பையில் வையுங்கள்.

ஒரு வகுப்பைத் தவறவிட்டவர்கள் மற்றவர்களை எட்டிப்பிடிக்க ஏற்ற வேலை இது. இயந்திரம் எதுவும் வேண்டாம், வீட்டில் உட்கார்ந்தே செய்யலாம்.

பற்றவைப்பது

சால்டர் கம்பியில் எழுதியிருக்கும் எண்கள் வெள்ளீயமும் காரீயமும் கலந்திருக்கும் விகிதம். 60/40 என்றால் அறுபது பங்கு வெள்ளீயம், நாற்பது பங்கு காரீயம். அது 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி 190 அளவில் முழுவதும் உருகிவிடும். 50/50 முழுவதும் உருக 216 டிகிரி வேண்டும், நடுவில் குழைந்த நிலையில் அதிக நேரம் நிற்கும். திரண்ட அழகான கோடு வேண்டுமென்றால் 60/40 தான். கற்றுக்கொள்ளும்போது வேறு எதையும் தொட வேண்டியதில்லை. வெப்பக் கட்டுப்பாடு உள்ள 80 முதல் 100 வாட் அயர்ன் நல்லது. முனை 370 டிகிரி அளவில் இருக்கட்டும்.

முதலில் துண்டுகளை வரைபடத்தின் மேல் அடுக்கி நகராமல் குத்தூசிகளால் நிறுத்துங்கள். சந்திப்புகளில் ஃப்ளக்ஸை மெல்லத் தடவி ஒவ்வொரு பொட்டு சால்டர் வையுங்கள். இனி பொருள் நகராது. அடுத்து எல்லாக் கோடுகளிலும் ஃப்ளக்ஸ் தடவி, மெல்லிய படலமாகச் சால்டரை ஓட்டுங்கள். செம்பு எங்கும் தெரியக் கூடாது. மூன்றாவது சுற்றில்தான் கோட்டை உயர்த்த வேண்டும். ஒரு கையில் கம்பி, மறு கையில் அயர்ன், இரண்டும் சேர்ந்து மெதுவாக நகர வேண்டும். அயர்ன் முனையால் இழுத்துத் தேய்க்காதீர்கள், உருகிய சால்டர் அதன் பின்னால் தானே வரட்டும். அது நடுவில் திரண்டு இருபுறமும் சரிவாக இறங்கினால் சரியாக வந்திருக்கிறது.

ஒரே இடத்தில் அயர்னைப் பிடித்துக்கொண்டு சரிசெய்து சரிசெய்து பார்ப்பதுதான் புதியவர்களின் கண்ணாடியை உடைக்கிறது. சூடு ஓரிடத்தில் குவிந்தால் அருகிலிருக்கும் கண்ணாடி விரிசல் விடும். ஓரிடம் சரியாக வரவில்லையென்றால் விட்டுவிட்டு வேறு கோட்டுக்குப் போங்கள். ஆறிய பிறகு ஃப்ளக்ஸ் தடவித் திரும்ப வரலாம்.

தொங்கவிடும் வளையத்தை வெளி ஓர நாடாவில் மட்டும் ஒட்டாதீர்கள். நாடாவைக் கண்ணாடியோடு பிடித்திருப்பது வெறும் பசை. எடை தாங்காமல் என்றாவது ஒரு நாள் உரிந்து பொருள் கீழே விழும். உள்ளே ஓடும் ஏதாவது ஒரு இணைப்புக்கோடு ஓரத்தைச் சந்திக்கும் இடத்தில், வளையத்தின் காலை அந்தக் கோட்டுக்குள் பதித்துப் பற்றவையுங்கள்.

முடித்த அன்றே சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு ஃப்ளக்ஸை முழுவதும் கழுவுங்கள். மறுநாளைக்கு விட்டால் கோடுகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூக்கும். பொருளைக் கழுவி உலர்ந்தவுடன், கறுப்பு அல்லது செப்பு நிறம் ஏற்றும் பட்டினா திரவத்தைக் கையுறை போட்டுக்கொண்டு தடவுங்கள். அதிலுள்ள உப்புகள் நச்சுத்தன்மை உள்ளவை. மறுபடி கழுவி உலர்த்தி, மெழுகு தேய்த்து மெருகேற்றினால் முடிந்தது.

இரண்டாவது வேலை: செவ்வகப் பலகம்

இங்கே கற்க வேண்டியது ஒன்றுதான்: மூலைமட்டம். பத்து முதல் பதினைந்து துண்டுகள், சுற்றிலும் நேரான ஓரப்பட்டை, இருபது முப்பது சென்டிமீட்டருக்குள் ஓர் அளவு. பலகையில் இரண்டு நேர்ச்சட்டங்களைச் செங்கோணமாக அடித்து, அந்த மூலையிலிருந்து துண்டுகளை அடுக்கிக்கொண்டு வாருங்கள். எதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்து, இரு மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால் பலகம் சரியான செவ்வகம். பற்றவைப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள்.

வரைபடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஓர் ஓரத்திலிருந்து எதிர் ஓரம் வரை நேராக ஓடும் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கோடு கீல் போல வேலை செய்யும். தூக்கும்போது பலகம் அங்கே மடங்கும். கோட்டை நடுவில் திசை மாற்றி விடுங்கள், அல்லது அதற்குள் மெல்லிய உலோகப் பட்டை ஒன்றைப் பதித்துப் பற்றவையுங்கள்.

எடையைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. மூன்று மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு சுமார் 7.5 கிலோ. முப்பதுக்கு முப்பது சென்டிமீட்டர் பலகத்தில் கண்ணாடி மட்டுமே 700 கிராமை நெருங்கும். சால்டரும் சட்டமும் மேலே. எனவே இந்த வேலைக்குத் துத்தநாகச் சட்டம் போட்டு, கொக்கிகளை அந்தச் சட்டத்தின் மூலைகளில் பற்றவைப்பதுதான் முறை.

எல்லாம் பற்றவைத்து முடித்த பிறகு நடுத்துண்டில் விரிசல் கண்டால் சோர்ந்துவிட வேண்டாம். எடுத்து மாற்றலாம். விரிசல் விட்ட துண்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, கீழிருந்து மெல்லத் தட்டிச் சில்லுகளாக எடுங்கள். அயர்னால் சூடாக்கி அதன் பழைய நாடாவை இழுத்துவிடுங்கள். காலியான இடத்துக்கு அடியில் தாளை வைத்து வடிவத்தை வரைந்து, புதிய துண்டு வெட்டிப் பொருத்தலாம். இதை ஒருமுறை செய்தவருக்கு அதன்பின் உடைவதைப் பற்றிய பயம் இருக்காது. வகுப்பில் யாருக்காவது உடைந்தால் எல்லோரையும் அந்த மேசையைச் சுற்றி நிற்கச் சொல்வேன்.

மூன்றாவது வேலை: ஒரு பாதையைத் தேர்ந்தெடுப்பது

இங்கே மாணவர்கள் பிரிகிறார்கள். பெட்டி செய்யலாம், விளக்குக் கூண்டுக்குப் போகலாம், அல்லது காரீயப் பட்டைக்கு மாறலாம். கூண்டு வேண்டுமென்பவர்கள் தட்டையான பலகங்கள் கொண்ட கூண்டில் தொடங்குங்கள். கூண்டு வடிவ அச்சின் மேல் நூற்றுக்கணக்கான துண்டுகளை அடுக்கும் வளைந்த கூண்டு அதற்குப் பிறகு வரட்டும்.

என்னைக் கேட்டால் காரீயப் பட்டையை ஒருமுறையாவது செய்து பாருங்கள் என்பேன். அங்கே துண்டுகளுக்கு இடையில் விட வேண்டிய இடம் அதிகம், சுமார் 1.6 மில்லிமீட்டர். பட்டையின் நடுத்தண்டு அதில் உட்காரும். பட்டையைப் பயன்படுத்தும் முன் இரு முனைகளையும் பிடித்து இழுத்து நிமிர்த்த வேண்டும். துண்டுகளை லாட ஆணிகளால் நிறுத்திக்கொண்டே ஒரு மூலையிலிருந்து கட்டிக்கொண்டு போக வேண்டும். சந்திப்புகளை மட்டும் பற்றவைத்தால் போதும். ஆனால் கவனம்: காரீயம் 327 டிகிரியில் உருகிவிடும். செப்பு நாடாவுக்குப் பழகிய சூட்டில் அயர்னை ஒரு நொடி கூடுதலாக வைத்தால் பட்டையே உருகி ஓட்டை விழும். சூட்டைக் குறைத்து, தொட்டதும் எடுத்துவிடும் பழக்கம் வேண்டும். பிறகு சுண்ணத்தூளும் ஆளிவிதை எண்ணெயும் கலந்த மக்கைப் பட்டையின் அடியில் இரு பக்கமும் திணித்து, உபரியைத் துடைத்து, சில நாட்கள் படுக்கவைத்து இறுகவிட வேண்டும். மக்கு இறுகிய பிறகு பலகத்தைத் தூக்கிப் பார்த்தால் கலகலப்பு நின்று ஒரே பொருளாகியிருப்பது கைக்குத் தெரியும்.

வகுப்புக்கு வெளியே

ஒவ்வொரு வேலைக்கும் ஓர் உறையில் மாதிரித் தாள்கள், பயன்படுத்திய கண்ணாடியின் பெயர், அதன் சிறு துண்டு, துண்டுகளை அடுக்கிய நிலையில் எடுத்த புகைப்படம் ஆகியவற்றைப் போட்டு வையுங்கள். முடித்த பொருளின் படத்தைவிட அடுக்கிய நிலையின் படம்தான் அடுத்த வேலைக்குப் பயன்படும். இரண்டு வேலைகளின் படங்களை அருகருகே வைத்து இடைவெளிகளைப் பாருங்கள். கை எங்கே தேறியிருக்கிறது, எங்கே இன்னும் தடுமாறுகிறது என்பது அதிலேயே இருக்கும். பாதி முடிந்த வேலையை வீட்டுக்குக் கொண்டுபோகும்போது துண்டுகளைப் பையில் கொட்டாமல், வரைபடம் ஒட்டிய பலகையோடு தட்டையான பெட்டியில் கொண்டுபோங்கள்.

சொந்தக் கருவிகள் வாங்க நினைக்கிறவர்கள் கட்டரை முதலில் வாங்குங்கள், அதுவும் கொஞ்சம் விலை கொடுத்து நல்லதாக. பிறகு முறிக்கும் குறடுகள், அதற்குப் பிறகு அயர்ன். கிரைண்டர் கடைசி. அது இல்லாமல் வெட்டப் பழகினால் கை இன்னும் திருந்தும், ஓரங்களைத் தேய்க்க ஈரமான வைர உரைகல் ஒன்றே நெடுநாள் போதும். வீட்டில் எந்த இடத்தில் செய்தாலும் சமையலறை மேசையில் மட்டும் பற்றவைக்காதீர்கள். சால்டருக்கென்று ஒரு தனிப் பலகை வைத்து, குழந்தைகள் எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வழியிருந்தால் மட்டும் அயர்னை வாங்குங்கள்.